பாதி வசனம்

நெகேமியா எட்டாம் அதிகாரத்தின் பத்தாம் வசனம் நம்மில் பலருடைய வீட்டில் எங்காவது இருக்கும். கூடத்து நாட்காட்டியில், நிலைக்கு மேல் மாட்டிய பலகையில், வருடப் பிறப்பு ஆராதனையில் எடுத்து வந்த வாக்குத்தத்த அட்டையில். ஆண்டவரால் வருகிற மகிழ்ச்சிதான் மனிதனுக்கு வலு என்ற கருத்துள்ள வசனம் அது. ஆனால் நாம் மாட்டி வைத்திருப்பது அதன் கடைசித் துண்டை மட்டுமே.

முழு வசனத்தையும் திறந்து பார்த்தால் அங்கே ஒரு பெருங்கூட்டம் நிற்கிறது. சிறையிருப்பிலிருந்து திரும்பிவந்து, இடிந்து கிடந்த எருசலேமின் மதிலைக் கட்டி முடித்த சனங்கள். தண்ணீர் வாசலுக்கு முன்னால் எஸ்றா காலை தொடங்கி நடுப்பகல்வரை வேதத்தை வாசிக்கிறார். கேட்டவர்கள் அழுகிறார்கள். எவ்வளவு தூரம் விலகிப் போய்விட்டோம் என்பது அவர்களுக்கு அப்போதுதான் உறைக்கிறது. அந்த அழுகையை நிறுத்தச் சொல்லித்தான் இந்த வசனம் வருகிறது. நன்றாகச் சாப்பிடுங்கள், இனிப்பாகக் குடியுங்கள், வீட்டில் ஒன்றும் ஆக்கி வைக்க வழியில்லாதவர்களுக்கு ஒரு பங்கு அனுப்புங்கள், துக்கம் வேண்டாம் என்கிறார்கள். மகிழ்ச்சியைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான். நாம் அடுப்படியையும் அடுத்த வீட்டையும் வெட்டிவிட்டு மீதிக்குச் சட்டம் போட்டோம்.

யாரும் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை. அந்தப் பாதி நமக்குப் போதுமானதாக இருந்தது, அவ்வளவுதான். நமக்கு ஆறுதல் சொல்கிற பாதியை வைத்துக்கொண்டோம், நம்மை எழுந்து நடக்கச் சொல்கிற பாதியை விட்டுவிட்டோம்.

திருநெல்வேலி, தூத்துக்குடிச் சீமையின் சபைகளில் வளர்ந்தவர்களைப் பற்றியே நான் பேசுகிறேன். நானும் அவர்களில் ஒருவன். மற்ற ஊர்களிலும் மற்ற சபைகளிலும் உள்ளவர்களுக்கு இதில் தங்கள் வீடும் தெரியலாம். தெரியாவிட்டால் நல்லது.

கைப்பிடி அரிசியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதை இழந்ததுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. உலையில் போட அரிசி அளக்கும்போதெல்லாம் அதிலிருந்து ஒரு பிடி அள்ளித் தனிப் பானையில் போடுவது நம் வீட்டுப் பெண்களின் வழக்கம். பானை நிறைந்ததும் அது கோயிலுக்குப் போகும். வீட்டில் ஐந்து பேர் சாப்பிட நான்கு பேருக்கான அரிசிதான் இருக்கிறது என்றாலும் அந்தப் பிடி தவறாது. 1903ஆம் ஆண்டு பிப்ரவரியில் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது, வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியாவும் அவருடைய தோழர்களும் வெளிநாட்டுக் காசை எதிர்பார்ப்பதில்லை, நம்மவர் பணத்தில் நம்மவரையே அனுப்புவது என்று தீர்மானித்தார்கள். தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல்லுக்கு ஊழியர்கள் போனார்கள். 1912இல் அசரியாவே அங்கே பேராயரானார். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் அவர். நம்மவர் பணம் என்றால் யாருடைய பணம்? பனையேறிகளும் சிறு விவசாயிகளும் கூலி வேலை செய்தவர்களும் நிறைந்த சபைகளின் பணம். அந்த வீடுகளில் ரொக்கம் அபூர்வம். தானியமும் கருப்பட்டியும் கோழியும்தான் கையிருப்பு.

அந்தப் பழக்கத்தின் பெரிய நன்மை சேர்ந்த அரிசியில் இல்லை என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. கூலி கிடைக்காத நாளிலும் அந்த வீட்டுப் பெண் ஒரு கொடையாளியாக இருந்தாள். உலை வைக்கிற ஒவ்வொரு வேளையும் அவள் கை, தனக்கு முன்பின் தெரியாத ஒருவருக்காக ஒரு தடவை அசைந்தது. வாங்குகிற நிலையில் இருந்தவளுக்குக் கொடுக்கிறவளின் நிமிர்வு கிடைத்தது. அதிலிருந்து பிறந்த மகிழ்ச்சிக்கு ஒலிபெருக்கி தேவைப்படவில்லை.

பிறகு நமக்குப் பணம் வந்தது. பிள்ளைகள் படித்தார்கள், ஆசிரியர்களானார்கள், செவிலியர்களாக வளைகுடாவுக்குப் போனார்கள், சென்னையிலும் பெங்களூரிலும் வேலைக்குச் சேர்ந்தார்கள். எல்லாம் நல்லதே. அரிசிப் பானையைச் சுமந்துகொண்டு போவது நமக்கு ஒரு மாதிரியாக இருந்தது. அதற்குப் பதிலாக உறை வந்தது. இப்போது கோயில் வாசலில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கட்டத்தைப் போனில் படம்பிடித்தால் காணிக்கை போய்விடுகிறது. தொகை முன்பைவிடப் பெரியது. கணக்கும் சரியாக இருக்கிறது. ஆனால் ஒரு வேளைச் சோறு ஆக்கும்போது இன்னொரு வீட்டு அடுப்பைப் பற்றி நினைக்க வைத்த அந்தக் கை அசைவுக்கு ஈடாக நாம் எதையும் கண்டுபிடிக்கவில்லை. தேடவும் இல்லை. அதிகம் கொடுக்கிறோம் என்ற நிறைவு நம் கண்ணை மறைத்துவிட்டது.

மாலைக் குடும்ப ஜெபமும் இப்படியே போனது. பாயை விரித்து எல்லோரும் உட்கார்ந்து, ஒரு கீர்த்தனை பாடி, ஆளுக்கு ஒரு வசனமாகச் சங்கீதத்தை வாசித்து, வீட்டுப் பெரியவர் ஜெபிப்பார். ஜெபம் நீளமாக இருக்கும், பிள்ளைகள் தூங்கி விழுவார்கள், அதட்டல் விழும். அதை நான் அழகுபடுத்திச் சொல்ல விரும்பவில்லை. ஆனால் அந்த நீளத்துக்குள்தான் தெருவே இருந்தது. கடன் வாங்கிய அண்ணாச்சி, பிரசவத்துக்கு வந்திருக்கும் எதிர்வீட்டு அக்கா, பனையிலிருந்து விழுந்து படுக்கையில் கிடக்கிறவர், மழை, கிணறு, பள்ளிக்கூடத்தில் கணக்கு வராத தம்பி எல்லாருக்கும் எல்லாவற்றுக்கும் அதில் இடமிருந்தது. தன் பெயர் ஜெபத்தில் வந்ததும் தூங்கிய பிள்ளை விழித்துக்கொள்ளும். தன்னைப் பற்றி ஆண்டவரிடம் ஒருவர் பேசுகிறார் என்பது ஒரு சிறுபிள்ளைக்கு எவ்வளவு பெரிய சந்தோஷம் என்பதை வளர்ந்த பிறகு மறந்துவிட்டோம்.

முதலில் பரீட்சை காலத்துக்கு மட்டும் நிறுத்தினோம். பிறகு டியூஷன் நேரமும் ஜெப நேரமும் ஒன்றாக வந்தன. பிறகு தொடர் நாடகம் வந்தது. அதற்குப் பின் ஆளுக்கொரு போன். யாரும் ஒருநாளும் குடும்ப ஜெபம் வேண்டாம் என்று முடிவு செய்யவில்லை. அப்படி முடிவு செய்திருந்தால் ஒருவராவது எதிர்த்துப் பேசியிருப்போம். இப்போது காலையில் வாட்ஸாப்பில் பூப்படம் போட்ட வசனம் வருகிறது, கைகூப்பும் பொம்மையைப் பதிலாக அனுப்புகிறோம். அனுப்பியவர் எப்படி இருக்கிறார் என்று கேட்பதில்லை.

பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1774இல் பாளையங்கோட்டையில் பிறந்து, மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்து, தஞ்சாவூரில் வாழ்ந்து 1864இல் மறைந்த வேதநாயகம் சாஸ்திரியார் நமக்கு எழுதிக் கொடுத்தவற்றின் பெயர்களைப் பார்த்தாலே போதும். பெத்லகேம் குறவஞ்சி, ஞானக்கும்மி, ஞான ஏற்றப்பாட்டு, நோவாவின் பேழையை வைத்துப் பாடிய ஞானத்தச்ச நாடகம். ஏற்றம் இறைக்கிறவனின் மூச்சு, கும்மி அடிக்கிற பெண்களின் கைத்தாளம், தச்சனின் உளி ஆகியவற்றோடு சேர்ந்தே ஆண்டவரைப் பாடலாம் என்று அவர் நினைத்தார். ஆராதனைக்கு வெளியே இருக்கிற நேரமும் ஆண்டவருடைய நேரம் என்ற தெளிவு அவருக்கு இருந்தது. பாத்திரம் தேய்த்துக்கொண்டும் பீடி சுற்றிக்கொண்டும் கீர்த்தனை பாடிய பெண்களை நம் தலைமுறை கேட்டிருக்கிறது. குரல் நன்றாக இல்லாதவர்களும் பாடினார்கள். சுருதி போனால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இன்று பாட்டை மேடையில் இருக்கிறவர்களிடம் ஒப்படைத்துவிட்டோம். அவர்கள் நன்றாகவே பாடுகிறார்கள், வாத்தியங்கள் அருமையாக இருக்கின்றன, நாம் நின்று கேட்கிறோம். வரி திரையில் ஓடுகிறது, அதனால் மனப்பாடமாக எதுவும் தங்குவதில்லை. ஆஸ்பத்திரி வராண்டாவில் இரவு தனியாக உட்கார்ந்திருக்கும்போது திரை இருக்காது. அப்போது வாயில் வருவதற்கு நாலு வரியை நம் பிள்ளைகளுக்கு நாம் கொடுத்தோமா? கீர்த்தனைகள் அவர்களுக்குப் பழசாகத் தெரிகின்றன என்று வருத்தப்படுகிறோம். சமையற்கட்டில் நாம் பாடி அவர்கள் கேட்டிருந்தால் அவை அவர்களுக்கு அம்மாவின் குரலாகத் தெரிந்திருக்கும்.

அதே சாஸ்திரியாரிடம் இன்னொரு பக்கமும் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. 1820களின் பிற்பகுதியில் இளம் மிஷனெரிகள் சபைக்குள் சாதி வேறுபாடு பார்ப்பதைக் கண்டித்தபோது அவர் சாதி வழக்கத்தின் பக்கம் நின்று எழுதினார். ஏற்றக்காரனின் மூச்சைப் பாட்டில் ஏற்றிக்கொண்டவருக்கு, அந்த ஏற்றக்காரன் தன் பக்கத்தில் உட்காருவது கடினமாக இருந்திருக்கிறது. அவர் போய் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. நாம் எங்கே நிற்கிறோம்? ஒரே திருவிருந்துப் பாத்திரத்தில் பருகிவிட்டு, கல்யாணப் பேச்சு வந்தால் முதலில் சாதி கேட்கிறோம். பைபிளைக் கையில் வைத்துக்கொண்டே மணமகன் தேவை விளம்பரத்தில் அதை எழுதுகிறோம். நம் ஊர்களின் அசனப் பண்டிகை இந்த நோய்க்கு மருந்தாக இருந்திருக்க வேண்டியது. வீட்டுக்கு வீடு அரிசியும் காய்கறியும் ஆடும் கொண்டுவந்து, ராத்திரி முழுக்கச் சேர்ந்து வெட்டி, சேர்ந்து ஆக்கி, ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது அசனம். பணக்காரர் கொடுத்த அரிசி எது, விதவை கொடுத்த அரிசி எது என்று அண்டாவில் பிரித்தறிய முடியாது. பல இடங்களில் இன்றும் அது நடக்கிறது. ஆனால் ராத்திரி வெங்காயம் உரிக்கப் போவதை விட்டுவிட்டு, மதியம் காரில் வந்து தூக்குச்சட்டியில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் நம் ஆட்களோடு சாப்பிடுகிறவர்கள் ஆகிவிட்டோம். யாருக்குப் பக்கத்தில் உட்காருவது என்ற கேள்வியே எழாதபடி தூக்குச்சட்டி நமக்கு வசதி செய்து கொடுத்தது.

இயேசு தண்ணீரைத் திராட்சரசமாக்கிய கானா ஊர்க் கல்யாணத்தைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருக்கிறோம். திராட்சரசம் எங்கிருந்து வந்தது என்று பந்தி விசாரிப்புக்காரனுக்குத் தெரியவில்லை, தண்ணீர் மொண்ட வேலைக்காரருக்குத் தெரிந்திருந்தது என்று யோவான் எழுதி வைத்திருக்கிறார். முதல் அற்புதம் கல்யாண வீட்டின் பின்கட்டில் நடந்தது. அதன் ரகசியத்தை முதலில் அறிந்தவர்கள் குடம் சுமந்தவர்கள். நாமோ முன்வரிசைக்கு ஆசைப்பட்டுப் பின்கட்டைக் காலி செய்துவிட்டோம். யோவானின் அந்த ஒரு வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம் வீட்டு விசேஷங்களில் சமையல் ஒப்பந்தக்காரர்கள் வருவதற்கு முந்தைய நாட்கள் நினைவுக்கு வருகின்றன. அத்தைமார்களும் சித்திமார்களும் தேங்காய் திருவிக்கொண்டு பேசிச் சிரித்த சிரிப்பு மணவறைப் பக்கம் இருந்ததில்லை.

இன்னும் கடினமான ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சந்தோஷத்துக்குச் சான்று எது என்பதையே நாம் மாற்றிவிட்டோம். சாட்சி சொல்ல எழுகிறவர்கள் விசா கிடைத்ததை, வீடு கட்டியதை, மகளுக்கு டாக்டர் மாப்பிள்ளை அமைந்ததைச் சொல்கிறோம். நன்றி சொல்வது நல்லதுதான். ஆனால் அதைக் கேட்டுக்கொண்டு பின்வரிசையில் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. அவள் கணவன் குடிக்கிறான். அவள் மகன் நீட் தேர்வில் தோற்றுப் பேசாமல் அறைக்குள் கிடக்கிறான். தன் நம்பிக்கையில்தான் ஏதோ குறை என்று அவள் நினைக்கத் தொடங்குகிறாள். அவளை அப்படி நினைக்க வைத்தது நம் சாட்சிகள். அத்திமரம் பூக்காமல், வயல் விளையாமல், தொழுவத்தில் மாடில்லாமல் போனாலும் தன் தேவனில் களிகூருவேன் என்ற பொருளில் பேசிய ஆபகூக் நம் மேடையில் ஏறினால், அவர் சாட்சி இன்னும் முடியவில்லை, ஆசீர்வாதம் வந்தபின் வந்து சொல்லட்டும் என்று உட்கார வைத்துவிடுவோம் என்று அஞ்சுகிறேன். சந்தோஷமாயிருக்கச் சொல்லிச் சொல்லிப் பவுல் பிலிப்பியருக்கு எழுதிய கடிதம் காவலில் கட்டுண்டு கிடந்தபோது எழுதியது. இது நமக்குத் தெரியாததல்ல. ஓய்வுநாள் பள்ளியிலேயே படித்தோம், பரீட்சையில் எழுதினோம், மார்க்கும் வாங்கினோம்.

டோனாவூர் நமக்கு எட்டின தூரம்தான். பேருந்து பிடித்துப் போய்ப் பார்த்து வருகிறோம். அங்கே குழந்தைகளை வளர்த்த மிஷனெரி எமி கார்மைக்கேல் அம்மையார் 1931இல் விழுந்து அடிபட்டபின் 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் தன் அறைக்குள்ளேயே கழித்தார். அந்த அறையிலிருந்து புத்தகங்கள் எழுதினார், குழந்தைகளுக்குக் கடிதம் எழுதினார். கல்லறைக்குக் கல் வைக்க வேண்டாம் என்று அவர் சொன்னதால், பறவைகள் நீர் அருந்தும் தொட்டி ஒன்றை அங்கே வைத்து அம்மா என்று பொறித்தார்கள். நாம் அதைப் பார்த்துக் கண்கலங்கிவிட்டு ஊருக்குத் திரும்புகிறோம். நம் தெருவிலும் அறையை விட்டு வெளியே வர முடியாத பெரியவர்கள் இருக்கிறார்கள். நமக்கு ஓய்வுநாள் பள்ளியில் பாடம் நடத்தியவர்கள் அவர்கள், கோயில் மணி அடித்தவர்கள், காணிக்கைப் பொருள் ஏலத்தில் ஒரு முட்டையை விலையேற்றி எடுத்து, அதைக் கொண்டுவந்த பாட்டியிடமே திரும்பக் கொடுத்துச் சிரித்தவர்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். சம்பளத்துக்கு ஒரு பெண் வந்து கஞ்சி கொடுக்கிறாள். தொலைக்காட்சியில் யாரோ ஒருவர் அவர்களுக்காகப் பொதுவாக ஜெபிக்கிறார். நாம் ஐயரிடம் அவர்கள் பெயரைச் சொல்லி நோயுற்றோர் பட்டியலில் சேர்த்ததோடு கடமை முடிந்ததாக விட்டோம். அவர்களிடம் இருந்த சந்தோஷத்தைக் கற்றுக்கொள்ளாமலே அவர்களை வழியனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

உபதேசியார்களைக் குறை சொல்லலாம், தேர்தலில் மூழ்கிப்போன சபை நிர்வாகத்தைக் குறை சொல்லலாம், காலத்தைக் குறை சொல்லலாம். திண்ணையில் உட்கார்ந்து அதையும் நிறையவே செய்திருக்கிறோம். ஆனால் அரிசிப் பானையைப் பரணில் ஏற்றியது எந்த நிர்வாகமும் அல்ல. பாயைச் சுருட்டி வைத்ததும் நாமேதான்.

நாமே விட்டதால் நாமே எடுக்கலாம் என்பது ஒரு பெரிய ஆறுதல். இதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை, தீர்மானம் நிறைவேற்ற வேண்டியதில்லை. பழையதை அப்படியே திரும்பக் கொண்டுவர முடியாது என்பதும் எனக்குத் தெரியும். குக்கரில் அரிசி வைக்கிற வீட்டிலும் ஒரு பிடி எடுத்து வைக்கலாம். மாதக் கடைசியில் அது இரண்டு மூன்று கிலோ ஆனாலும் அதைக் கோயிலில் ஒப்படைத்துவிட்டு வராமல், தேவைப்படுகிற வீட்டுக்கு நாமே கொண்டுபோய், உட்கார்ந்து ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு வரலாம். நாற்பது நிமிட ஜெபம் முடியாதென்றால் சாப்பிட உட்காரும்போது ஐந்து நிமிடம், தெருவில் இருக்கிற இரண்டு பெயர்களோடு. போனை எங்கே வைப்பது என்பதை வீட்டுப் பிள்ளைகளே தீர்மானிக்கட்டும், நாமும் கட்டுப்படுவோம். சாட்சி நேரத்தில், இன்னும் பதில் கிடைக்காத ஒருத்தி எழுந்து, நான் இன்னும் காத்திருக்கிறேன், ஆனாலும் பாடுகிறேன் என்று சொன்னால், அதைச் சாட்சியாக ஏற்றுக்கொள்ளும் துணிவு நமக்கு வேண்டும். அவள் பேசி முடித்ததும் ஒரு வசனத்தைச் சொல்லி அவளைத் திருத்தாமல் இருக்கும் அன்பும் வேண்டும்.

எங்கள் தெருவில் நாங்கள் சிலர் பேசியிருக்கிறோம். வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும், நடக்க முடியாமல் வீட்டோடு இருக்கும் ஒரு பழைய ஓய்வுநாள் பள்ளி ஆசிரியரைப் பார்க்கப் போகிறோம். சாப்பாடு இரண்டு வீட்டிலிருந்து வருகிறது. பிள்ளைகளையும் கூட்டிப் போகிறோம், ஏனென்றால் பல கீர்த்தனைகளின் ராகம் இப்போது அவர் ஒருவருக்குத்தான் சரியாகத் தெரியும். அவர் பார்வை மங்கிவிட்டதால் பெரிய எழுத்தில் அச்சிட்ட கீர்த்தனைப் புத்தகம் ஒன்று வேண்டும். யார் வீட்டிலாவது இருந்தால் சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.